ஒரே போனுக்குள் எல்லாம் வந்தது சரி, கொழும்பு எங்கே போனது?

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் மகள் மதுரையில் விஸ்காம் படிக்கிறாள். உலகமயமாதலும் ஊடக, தகவல்தொடர்புத் தொழில்நுட்பங்களின் ஒருங்கிணைவும் என்று செமினாருக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அவள் "உலகமே கைக்குள் வந்துவிட்டது" என்கிறாள். ரேடியோ, டிவி, தந்தி, பேப்பர் எல்லாம் தனித்தனியாக இருந்த காலத்தில்தான் நமக்கு வெளியுலகம் நன்றாகக் கேட்டது என்கிறீர்கள் நீங்கள். யார் சொல்வது சரி என்பது கேள்வி. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. எல்லாக் குழாயும் ஒன்றாகிவிட்ட பிறகு நம் கரைக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். அப்படித்தான் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் 1984இல் சேர்ந்து முப்பத்தைந்து வருடம் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் என்று இந்தக் கரையிலேயே கழித்தவன். கம்பி தெரியும், கருவி தெரியும், உப்புக்காற்று எதை எத்தனை மாதத்தில் அரிக்கும் என்பதும் தெரியும். மனிதர்களின் மனசு எப்படி மாறியது என்று சொல்ல ஆரம்பித்தால் அது ஓர் ஊர்க்காரனின் அபிப்பிராயம்தான், அதற்கு அந்த அளவு மதிப்பு கொடுத்தால் போதும்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஒருங்கிணைவு என்று பெரிய பெயரில் சொல்வதன் அடியில் இருப்பது ஒரே ஒரு வேலை, எதையும் எண்ணாக மாற்றுவது. நான் சேர்ந்தபோது போனில் பேசும் குரல் கம்பியில் அலையாகவே போனது, ரேடியோ வேறு விதம், டிவி வேறு விதம், தந்தி இன்னொரு விதம். ஒன்றின் கருவி இன்னொன்றுக்கு உதவாது என்பதால்தான் தந்தி ஆபீஸ், டிரங்க் கால் மேஜை, வானொலி நிலையம் எல்லாம் தனித்தனி உத்தியோகங்களாக இருந்தன. அப்புறம் மத்திய அரசின் தொலைபேசி ஆராய்ச்சி மையமான சி-டாட் உருவாக்கிய 128 இணைப்பு கிராம எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஏசி கேட்காது, ஒரு சின்ன அறை போதும். நீங்கள் பேசுவதை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எட்டு பூஜ்யம்-ஒன்றுகளாக எழுதி, வினாடிக்கு 64,000 பிட் என்ற கணக்கில் அனுப்பும். அந்தப் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்த நாளில் எங்களில் யாருக்கும் தெரியாது, ஆனால் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. குரல் எண்ணாகிவிட்டால் படமும் எண்தான், பாட்டும் எண்தான், வங்கிக் கணக்கு எப்போதுமே எண்தான். கண்ணாடி இழைக் கேபிளுக்கு அது எந்த எண் என்று தெரிய வேண்டியதே இல்லை. படத்தையும் பாட்டையும் சுருக்கி அனுப்பும் கணக்கும், எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி முகவரி ஒட்டி அனுப்பும் முறையும் சேர்ந்துகொண்டதும், தனித்தனியாகக் கம்பியோ கருவியோ வைத்திருக்க வேண்டிய காரணம் போய்விட்டது. தந்தி 2013 ஜூலையில் மூடப்பட்டது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பு இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அநேகமாக எல்லா ஊரிலும் நின்றது. ராமேஸ்வரத்தில் முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த டிவி கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓய்வு பெற்ற மூத்த அதிகாரி ஒருவர் ஞாபகம்தான் வரும்.

இப்போது நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். அது பழைய ஆள் புலம்பல் இல்லை, அதற்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது. மத்திய அலை ரேடியோ உப்புத் தண்ணீரின் மேல் நிலத்தை விட நன்றாகப் பயணம் செய்யும், ஏனென்றால் கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். திருச்சியிலிருந்து வயலும் கட்டிடமும் தாண்டி வரும் ஒலியை விட, கடலை மட்டும் தாண்டி வரும் கொழும்பு நம் ஊரில் தெளிவாகக் கேட்டதற்கு அதுதான் காரணம். 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது மொத்த இந்தியாவும் இலங்கை வானொலிக்குத் திரும்பியது. 1957இல் விவித் பாரதி வந்த பிறகு மற்ற ஊர்க்காரர்களில் பலர் திரும்பிப் போனார்கள், நாம் போகவில்லை. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நம் வீட்டு ஆட்கள் மாதிரி. 1982இல் இலங்கையின் டிவி நிலையமான ரூபவாகினி வந்ததும் மொட்டை மாடியில் நீளக் குழாய் நட்டு, பூஸ்டர் போட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தோம். இலங்கையின் பீதுருதலாகலை மலை உச்சியிலிருந்து வந்த அலைக்கு வெயில் கால மாலையில் கடல் மேல் ஒரு சுரங்கப் பாதை மாதிரி அமைந்துவிடும். அன்றைக்குப் படம் கண்ணாடியாக இருக்கும், மறுநாள் எறும்பு ஓடும். சிங்களம் ஒரு வார்த்தை தெரியாமல் சிங்கள நாடகத்தின் கதையை முழுசாகச் சொல்லும் பெண்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

இதில் முக்கியமானது, அந்த அலையை யாரும் நமக்காக அனுப்பவில்லை. கொழும்புக்காரர் தன் நாட்டுக்காக ஒலிபரப்பினார், அது கரையைத் தாண்டி வழிந்தது, நாம் ஏந்திக்கொண்டோம். பாஸ்போர்ட் கேட்காமல் வந்தது. இன்னும் பின்னால் போனால் இதே கரையில் 1914 முதல் 1964 வரை சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று கொழும்பு போய் இறங்கலாம். ஒருங்கிணைவு என்றால் என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்வேன். உலகமயமாதல் என்பதும் 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தோடு நமக்கு வந்து சேர்ந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடு கிடைத்த கரை இது, இங்கே எடுத்த சங்கு வளையலாக வங்காளத்துப் பெண்கள் கையில் ஏறியது. நாம் புதிதாக உலகத்தில் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை.

இன்றைக்கு என்ன நிலை? அலையாக வழிந்தது போய், முகவரி ஒட்டிய பொட்டலமாக வருகிறது. முகவரி என்றால் நாடு தெரியும், நாடு தெரிந்தால் வேலி போடலாம். "இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று ஒரு வரி வருகிறதே, அதை ரூபவாகினி நினைத்தாலும் எங்கள் மாடி ஆன்டெனாவிடம் சொல்லியிருக்க முடியாது. 2020 ஜூன் கடைசியில் மத்திய அரசின் ஒரே அறிவிப்பில் டிக்டாக் உட்பட 59 செயலிகள் நின்றன. அந்தத் தடை நல்லதா கெட்டதா என்பதை இங்கே நான் எடுக்கவில்லை, ஒரு கையெழுத்தில் முடியும் என்பதைத்தான் காட்டுகிறேன், ஏனென்றால் பழைய ரேடியோவை அப்படி நிறுத்த எதிர் அலை அனுப்ப வேண்டியிருக்கும், அதற்குத் தனி நிலையமே கட்ட வேண்டும். தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அங்கே நிற்கும் போது நம் போன் அந்த நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வரவேற்கிறது, கூடவே ரோமிங் கட்டணத்தையும் நீட்டுகிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசை வரை சுமார் 320 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் 2006லேயே போட்டாகிவிட்டது, பாரத் லங்கா என்று பெயர். ஆக, கம்பி இல்லாமல் இல்லை. ஆனால் என் பேரனுக்குக் கொரியப் பாடகர்கள் பெயர் ஏழெட்டுத் தெரிகிறது, யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு யார் பாடுகிறார்கள் என்று தெரியாது. எனக்கு அவன் வயதில் கொழும்பு அறிவிப்பாளர் தும்மினாலும் யார் என்று தெரியும். (1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் நமக்கு முன்னால் ஓடியது, பெரும்பாலும் அரை மணி. ரேடியோ மணி சொன்னால் மனசுக்குள் அரை மணி கழித்துக்கொள்வோம். அதுவும் ஒரு பழக்கம்.)

இப்படியே எழுதிக்கொண்டு போனால் உங்கள் மகள் பக்கம் நியாயமே இல்லாதது போல ஆகிவிடும். இருக்கிறது, கீழக்கரையில் வேலை பார்த்தவன் அதை மறுக்க முடியாது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன சபுராளிகளுக்கு (வெளிநாடு போனவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வீட்டிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மனைவி, நடுவில் குழந்தை அழுகை, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பினால் பதில் வர இரண்டு மாதம். பிறகு ஐஎஸ்டி பூத். இரவு பதினொன்றுக்கு மேல் எஸ்டிடி (வெளியூர்க் கால்) கட்டணம் கால் பங்கு என்பதால் நடுராத்திரியில் பூத் வாசலில் வரிசை நிற்கும், வெளிநாட்டுக் கால் என்றால் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தே பாதிப் பேச்சை விழுங்குவார்கள். அழுவதற்குக் கூடக் காசு கணக்குப் பார்த்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இன்றைக்கு அடுப்பங்கரையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, துபாயில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க மீன் ஆய்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி. இது லாபம், சந்தேகமே இல்லை. அங்கேயும் வேலி உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், ஆனால் பேசும் வசதிக்குப் பல வருடங்களாகத் தடை, அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிக்குத்தான் போக வேண்டியிருந்தது. தொழில்நுட்பத்தில் எந்தக் குறையும் கிடையாது, அங்குள்ள சட்டம் அப்படி.

சந்தேகத்துக்குரிய இடம் மீன் விலை. செமினாரில் யாராவது கட்டாயம் எடுப்பார்கள்: ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு. வட கேரளத்தில் மொபைல் வந்த பிறகு மத்தி மீன் பிடிக்கும் படகுகள் கடலிலிருந்தே போன் போட்டு எந்தக் கரையில் விலை இருக்கிறது என்று கேட்டுத் திரும்பின, மீன் வீணாகக் கொட்டப்படுவது நின்றது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் இறங்கியது. ஆய்வு நல்ல ஆய்வு, கணக்கும் சுத்தம். நம் கரைக்கு அப்படியே பொருந்துமா என்றால் நான் தயங்குவேன். இங்கே எத்தனை படகு, வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். முன்பணம் வாங்கியவர் நண்டையும் இறாலையும் அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும். தூத்துக்குடியில் கிலோவுக்கு எவ்வளவு அதிகம் என்று வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துகொள்ளலாம், தெரிந்துகொண்டு வயிறெரியலாம். வெளிநாட்டுக்குப் போகும் நண்டுச் சதைக்கு அங்கே என்ன விலை என்பதையும் அதே போனில் பார்க்கலாம். தகவல் வந்துவிட்டது, பேரம் பேசும் பலம் வரவில்லை. மறுபக்கம், கடன் இல்லாத நாட்டுப்படகுக்காரர்கள் சிலர் நேரடியாக வீடியோ போட்டு மதுரைக்குக் கருவாடு அனுப்புகிறார்கள், அவர்களுக்கு ஜென்சன் சொன்னது பலித்திருக்கிறது. ஆகவே போனையும் கடனையும் பிரித்து ஆராயாமல் யார் என்ன சதவீதம் சொன்னாலும் உங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

சட்டம் என்ன ஆனது என்பது வேடிக்கையான பகுதி. தனித்தனிக் கருவிகள் ஒன்றாகும்போது தனித்தனிச் சட்டங்கள் மோதும் என்று இதியேல் டி சோலா பூல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983லேயே எழுதினார், ஒருங்கிணைவு என்ற சொல்லைப் படிப்புக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். நம் நாட்டில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்றது. 2001இல் தொலைபேசி, ஒளிபரப்பு, இணையம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் என்று தகவல்தொடர்பு ஒருங்கிணைவு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. விளைவை நம் ஊரிலேயே பார்க்கலாம். பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறது, 2016 முதல் மீனவர்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. சமுதாய வானொலி பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்கக்கூடாது, அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம். பக்கத்துத் தெருப் பையன் போனைத் தூக்கி யூடியூபில் "இன்றைய முக்கியச் செய்தி" என்று கத்தினால் உரிமம் யாரும் கேட்பதில்லை. இரண்டையும் கேட்பது அதே போன், அதே காது. 2021இல் வந்த இணைய விதிகள் டிஜிட்டல் செய்திக்குக் கொஞ்சம் கயிறு கட்டப் பார்க்கின்றன, ஆனாலும் பத்து கிலோமீட்டர் கேட்கும் நிலையத்துக்கு வாய்ப்பூட்டும் பத்துக் கோடி பேர் பார்க்கும் மேடைக்குத் திறந்த கதவும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் தொழிலில் எனக்கு உண்மையான பயம் இருப்பது வேறு இடத்தில். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் கயிறு அறும்போது எல்லாம் போகும். 2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. மூன்றுக்கும் முதலாளி ஒருவர், வழிகாட்டும் கருவிகளில் செய்த ஒரு மாற்றம் தப்பாகிவிட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் ஊர் மீன் விலைக் குழு, வளைகுடாப் பேச்சு, டியூஷன் வகுப்பு எல்லாம் ஒரே நொடியில் ஊமை. முன்பு தந்தி படுத்தால் போன் இருக்கும், போன் படுத்தால் ரேடியோ இருக்கும். புயலில் இது இன்னும் மோசம். மொபைல் டவர் என்பது மின்சாரம், பேட்டரி, டீசல், பின்னால் போகும் கேபிள் நான்கும் இருந்தால்தான் டவர். 2018 கஜாவில் நமக்கு வடக்கே நாகை, திருவாரூர் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்ததும் போன்கள் என்ன ஆயின என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். டவரில் இன்னொரு சிக்கல், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கூப்பிட்டால் திணறும். ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் நிலையத்துக்கு ஒரே செலவு. இப்போது வரும் போன்கள் பலவற்றில் எஃப்எம் கேட்கும் வசதியையே எடுத்துவிடுகிறார்கள். 2023இல் மத்திய அரசே அதை எடுக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. கடலுக்குள் வெகுதூரம் போனால் மொபைல் கிடையாது, அங்கே இன்னும் படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் கருவியின் 16ஆம் சேனல்தான். பாம்பனில் புயல் கூண்டு இன்றைக்கும் ஏற்றுகிறார்கள். அது ஒரு கூடை, ஒரு கம்பம், அவ்வளவுதான், சார்ஜ் வேண்டாம், யார் நாட்டு சிம் என்று கேட்காது.

எல்லா ஊரும் ஒரே மாதிரி ஆகிவிடுமா, மொழி கெடுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் படித்தவர்களே இரண்டு கட்சி. 1980இல் யுனெஸ்கோவுக்காக மக்பிரைட் குழு செய்தி ஓட்டம் பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு ஒரே பக்கமாகப் போகிறது என்று சொன்னது, அந்தச் சண்டை முற்றி அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டே வெளியேறியது. இன்றைக்குக் கொரியா, துருக்கி நாடகமெல்லாம் நம் வீட்டில் ஓடுவதைப் பார்த்தால் ஒரே பக்கம் என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றின் பெயர் சொல்லி வலை வீசும் பையன்களின் வீடியோவைக் கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் பார்த்து "எங்கள் ஊரிலும் இப்படித்தான் சொல்வோம்" என்று கீழே எழுதுகிறார். கொழும்பு ரேடியோ செய்த வேலையை அது வேறு வழியில், சுற்றி வளைத்துச் செய்கிறது போல. அந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது எங்கோ ஒரு கம்ப்யூட்டர் போடும் கணக்கு, அது நாளைக்கே மாறலாம். ஆன்டெனாவைத் திருப்பியது நாங்கள்.

மகளின் செமினாருக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன், புத்தகத்தில் இருக்காது. ஒரு நாள் சாயங்காலம் அவளை அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போங்கள். போனில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடாமல் கையால் தேடும்படி வைத்து, வருகிற நிறுவனப் பெயர்களையெல்லாம் எழுதச் சொல்லுங்கள், எது எந்த நாடு என்று பக்கத்தில் குறிக்கட்டும். கூடவே வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் நாலு பேட்டரி போட்டு எடுத்துப் போய், முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பி, எந்தெந்த மொழி கேட்கிறது என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேச விஷயம் கிடைக்கும். போனில் இன்டர்நேஷனல் ரோமிங்கை மட்டும் முதலிலேயே அணைத்துவிடுங்கள், பில் வந்து என்னைத் திட்ட வேண்டாம்.